மலைச் சைக்கிளும் மட்டான பணமும்

ஓசூர் நெடுஞ்சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, பொம்மசந்திராத் தொழிற்பேட்டையை எட்டுவதற்குச் சற்று முன்னால் வருகிற ஹெப்பகோடியை, பெங்களூரின் பிற பகுதியினர் பெரும்பாலும் ஆலைகளுக்காகவும் மருந்து நிறுவனத்துக்காகவும் அறிவார்கள். 2025 ஆகஸ்ட் 10 ஆம் தேதி மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை திறக்கப்பட்ட பிறகு, அந்தத் தடத்தில் கடைசி நிலையத்துக்கு முந்திய நிலையம் என்றும் அறிவார்கள். ஆனால் இவ்வூருக்கு வேறொரு பாக்கியமும் உண்டு. நகரத்தின் தென்கோடியில் இருப்பதனால், இங்கே குடியிருப்பவர் ஒருவர் சைக்கிளில் ஏறிச் சந்தாபுராவில் வலப்புறம் திரும்பிவிட்டால், ஆனேக்கலும், அதற்கப்பால் முத்யாலமடுப் பள்ளத்தாக்கும், தெற்கே தமிழ்நாட்டு எல்லையைக் கடந்து தளியும், மேற்கே பன்னர்கட்டாக் காட்டை ஒட்டிய கிராமங்களும் ஒரு காலைப் பொழுதுக்குள் அடங்கிவிடுகின்றன. கேழ்வரகு வயல்களுக்கிடையே செம்மண் பாதைகள், தைலமரத் தோப்புகள், கருங்கல் பாறைகள், ஏரிக் கரைகள் ஆகிய இவையெல்லாம் தார்ச் சாலையை விட்டு இறங்கத் துணிந்தவருக்கே கிடைக்கும். இறங்குவதற்குத் தக்க வாகனம் மலைச் சைக்கிள்.

அந்தச் சைக்கிளை விரும்புகிறவர்களில் பெரும்பாலோர் கைநிறையப் பணம் வைத்திருப்பவர்கள் அல்லர். தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் இளைஞர்கள், மருத்துவமனை ஊழியர்கள், கணினித் தொழிலில் இப்போதுதான் சேர்ந்தவர்கள் ஆகிய இவர்கள், வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக, சில மாதங்கள் சேமித்து 12,000 அல்லது 15,000 ரூபாயை ஒதுக்கிக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். அங்கே லட்சக்கணக்கில் விலை சொல்லும் சைக்கிள்களுக்கும், பார்வைக்கு அவற்றைப் போலவே பளபளக்கும் எட்டாயிரம் ரூபாய்ச் சைக்கிள்களுக்கும் நடுவே நின்று திகைக்கிறார்கள். அவர்களை உத்தேசித்தே இதை எழுதுகிறேன். என் அபிப்பிராயத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: குறைந்த பணத்தில் மலைச் சைக்கிள் வாங்குகிறவர், முன்னாலும் பின்னாலும் ஆடும் ஸ்பிரிங்குக்கு ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்கக் கூடாது, அந்தப் பணம் சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் உடம்புக்குப் பொருந்தும் சட்டத்துக்கும் போக வேண்டும்.

இது மலைச் சைக்கிளுக்கு விரோதமான யோசனை என்று சிலர் எண்ணலாம். அந்த வாகனம் பிறந்த கதையை அறிந்தால் அவ்வாறு எண்ண மாட்டார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில், டமால்பைஸ் மலையை அடுத்த குன்றுகளில், 1970களில் சில இளைஞர்கள், யாரும் வேண்டாமென்று போட்டிருந்த பழைய ஷ்வின் சைக்கிள்களைச் சொற்ப விலைக்கு வாங்கி, மண் பாதைகளில் உருட்டிவிட்டு இறங்கத் தொடங்கினார்கள். அவை அவர்களுடைய பெற்றோர் காலத்துச் சைக்கிள்கள். கனமான இரும்புச் சட்டமும் தடித்த டயரும் கொண்டவை. ஸ்பிரிங் என்ற பேச்சுக்கே அவற்றில் இடமில்லை. 1976 அக்டோபர் 21 அன்று அவர்கள் முதன்முதலாகக் கடிகாரம் வைத்துப் பந்தயம் நடத்திய இறக்கம், மூன்றரை கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 400 மீட்டர் கீழே விழுவது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பின்சக்கரப் பிரேக் அந்த இறக்கத்தில் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். ஒவ்வொரு முறை இறங்கிய பின்னும் ஹப்பைப் பிரித்து மீண்டும் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததனால், அந்த இறக்கத்துக்கே ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஜோ பிரீஸ் 1977இல் மலைக்கென்றே ஒரு சட்டத்தைத் தாமே செய்தார். கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 1979இல் டாம் ரிச்சி செய்த சட்டங்களைக் கொண்டு வியாபாரம் தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ‘ஸ்டம்ப்ஜம்பர்’ தொழிற்சாலையில் பெருவாரியாகச் செய்யப்பட்டு உலகெங்கும் பரவியது. முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் விற்பனைக்கு வந்ததோ 1990ஐ ஒட்டித்தான். ஆகவே, மலைச் சைக்கிளின் முதல் பதினைந்து ஆண்டுகாலச் சாதனைகள் அனைத்தும், தடித்த டயரையும் வளைந்து கொடுக்கும் முழங்கையையும் நம்பியே நிகழ்ந்தவை. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பெற்றுவிட்ட ஒரு விளையாட்டின் அஸ்திவாரம் பழைய சாமான் கடைச் சைக்கிள்தான் என்பதை, பணம் போதவில்லையே என்று வருந்துகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி அந்த ஸ்பிரிங்கின் லட்சணத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். நல்ல ஃபோர்க்கில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங்கோ அடைக்கப்பட்ட காற்றோ அமுங்குகிறது. அமுங்கியது துள்ளி எழாதபடி, ஒரு சிறு துளை வழியாக எண்ணெயை ஓடவிட்டு, அதன் வேகத்தை ஓர் உறுப்பு மட்டுப்படுத்துகிறது. இந்த இரண்டாவது உறுப்புதான் விலை பிடிப்பது. மலிவான சைக்கிள்களின் ஃபோர்க்குக்குள் வெறும் எஃகுச் சுருளைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை. கடையிலேயே இதைச் சோதித்துக்கொள்ளலாம். முன் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, ஹேண்டில்பாரின் மீது உடம்பின் பாரத்தைப் போட்டு அழுத்திச் சட்டென்று விடுங்கள். அமுங்கிய ஃபோர்க் நிதானமாக எழுந்து நின்றால் உள்ளே ஏதோ வேலை செய்திருக்கிறார்கள். ‘டக்’ என்ற ஓசையோடு துள்ளி எழுந்து கையை உதைத்தால், பாறை நிறைந்த இறக்கத்திலும் அது அப்படியேதான் உதைக்கும். சக்கரத்தைத் தரையில் பதிய விடாமல் தூக்கிப் போடும். இந்த உபகாரத்துக்காக, சாதாரண ஃபோர்க்கைவிட ஒரு கிலோவுக்கு மேற்பட்ட கனத்தை ஒவ்வொரு மேட்டிலும் சுமக்க வேண்டியிருக்கிறது. ஒரு மழைக்காலம் செம்மண் சேற்றில் ஓடிய பிறகு, அதன் குழாய்கள் துருவேறி இறுகியும் போய்விடும். அதைப் பிரித்துச் சீர்செய்யும் வழக்கம் அநேகமாக எந்தக் கடையிலும் இல்லை, மாற்ற வேண்டியதுதான்.

பின்சக்கரத்துக்கும் ஸ்பிரிங் வைத்துப் பத்தாயிரம் ரூபாய்க்குள் விற்கப்படும் சைக்கிள்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மிதிக்கும் பலத்தில் ஒரு பகுதியை அந்தச் சுருளே விழுங்கிவிடுகிறது. சட்டத்தின் நடுவே உள்ள மூட்டு சில மாதங்களில் ஆடத் தொடங்குகிறது. குழந்தைகளின் கண்ணைக் கவரும் அந்த ஆடம்பரத்தைப் பெற்றோர் உறுதியாக மறுத்துவிடுவதே நல்லது. முன்னாலும் ஸ்பிரிங் இல்லாத, தடித்த டயர் கொண்ட கியர் சைக்கிள்களும் கடைகளில் உண்டு. பெரும்பாலும் கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். கேளுங்கள்.

ஸ்பிரிங் செய்வதாகச் சொல்லும் வேலையில் பெரும்பங்கை டயர் செய்கிறது. இரண்டு அங்குல அகலமுள்ள டயரில், எழுபது கிலோ எடையுள்ளவர் தார்ச் சாலைக்கு 45 முதல் 50 பவுண்டு வரையும், மண் பாதைக்கு 35 பவுண்டு அளவிலும் காற்று வைத்துக்கொண்டால், சிறு கற்களின் அதிர்ச்சியை டயரே உள்வாங்கிக்கொள்ளும். மண்ணிலும் பிடிப்பு கூடும். மிகவும் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கிப் பஞ்சராகும் என்பதனால் எல்லையறிந்து குறைக்க வேண்டும். நம்முடைய பழைய சைக்கிள்களின் வால்டியூப் இவற்றில் இல்லை. பெரும்பாலான மலைச் சைக்கிள்களில் மோட்டார் சைக்கிளில் உள்ள அதே வால்வு இருப்பதனால், பெட்ரோல் பங்கிலும் காற்றடித்துக்கொள்ளலாம். ஆனால் அங்குள்ள இயந்திரம் கணப்பொழுதில் மிதமிஞ்சி அடைத்துவிடக்கூடியது. ஆகையால் அளவு காட்டும் கைப்பம்பு ஒன்றைச் சைக்கிளோடு சேர்த்தே வாங்கிவிட வேண்டும்.

சக்கரத்தின் விஷயத்தில் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. ரிம் ஒற்றைச் சுவரா, இரட்டைச் சுவரா என்பது ஒன்று. குறுக்கு வெட்டில் இரண்டு தகடுகளாக அமைந்த இரட்டைச் சுவர் ரிம், பள்ளங்களில் எளிதில் கோணாது. பின் ஹப்பில் பற்சக்கரங்கள் எவ்வாறு பொருத்தப்பட்டிருக்கின்றன என்பது மற்றொன்று. மலிவான சைக்கிள்களில் ஃப்ரீவீலை ஹப்பின் மேல் மரையாக முறுக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்யும்போது வலப்பக்கத்துப் பால்ரஸ் குண்டுகள் ஃப்ரீவீலுக்கு உட்புறமாக ஒதுங்கிவிடுவதனால், அச்சின் முனை நெடுந்தூரம் ஆதாரமின்றி நீண்டு நிற்கிறது. பற்சக்கரங்களின் எண்ணிக்கை கூடக் கூட அந்த நீளமும் கூடுகிறது. கனத்த ஆள் ஏறி மேடுபள்ளத்தில் குதித்தால் அச்சு வளைவதற்கு இதுவே காரணம். கேசட் என்ற ஏற்பாட்டில் அந்தக் குண்டுகள் வெளிமுனைக்கு அருகிலேயே அமைவதால் இத்தொல்லை இல்லை. எண்பது கிலோவுக்கு மேற்பட்டவர்கள், வேறு எந்த அலங்காரத்தை விட்டுக்கொடுத்தாவது கேசட் உள்ள சக்கரத்தைத் தேடி வாங்குவது சிலாக்கியம்.

பிரேக்கைப் பற்றி நிலவும் எண்ணமும் திருத்தப்பட வேண்டியது. டிஸ்க் பிரேக் என்றாலே உயர்ந்தது என்று கருதி, பெயர் தெரியாத டிஸ்க்குக்காகப் பணத்தைக் கொட்டுகிறார்கள். கம்பியால் இழுபடும் மலிவான டிஸ்க் பிரேக்கில் ஒரு பக்கத்துக் கட்டை மட்டுமே நகர்ந்து தகட்டை மறுபக்கத்தோடு அழுத்துகிறது. அது தேயத் தேயக் கையால் திருகிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். அதைக்காட்டிலும், ரிம்மை இரு பக்கமும் பற்றும் நல்ல வி-பிரேக் உலர்ந்த நாட்களில் உறுதியாகப் பிடிக்கும். அதன் ரப்பர் கட்டைகள் எந்தச் சைக்கிள் கடையிலும் குறைந்த விலையில் கிடைக்கும். சேற்றிலும் மழையிலும் வி-பிரேக் தளர்ந்துபோகும் என்பதும், மண்ணோடு சேர்ந்து ரிம்மை அராவிவிடும் என்பதும் மெய்யே. ஆகவே மழைக்காலத்திலும் விடாமல் செல்ல நினைப்பவர், பெயருள்ள நிறுவனத்தின் டிஸ்க்கானால் வாங்கலாம்.

கியரின் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். முன்னால் மூன்று, பின்னால் ஏழு என்று 21 கியர் என எழுதியிருந்தாலும், அவற்றில் பல ஒன்றையொன்று ஒத்தவை. பார்க்க வேண்டியது இரண்டு எல்லைகளை மட்டுமே. முன்னால் 24 பல்லும் பின்னால் 28 பல்லும் உள்ள மிகச் சிறிய கியரில், 26 அங்குலச் சக்கரம் உள்ள சைக்கிள் பெடலின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.8 மீட்டர் நகரும். முன்னால் 42, பின்னால் 14 என்றால் 6.2 மீட்டர் நகரும். முத்யாலமடுவிலிருந்து மேலேறி வருகிறவருக்கு முதலாவது எல்லைதான் உயிர்நாடி. மற்றவை அவ்வளவு முக்கியமில்லை. ஆனால் கியரை மாற்றும் பின்புறத்து உறுப்பு தொங்கும் சிறு கொக்கி, சட்டத்தோடு ஒன்றாக வார்க்கப்பட்டதா, திருகாணியால் தனியே கழற்றக்கூடியதா என்று மட்டும் குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். சைக்கிள் வலப்பக்கம் விழும்போது முதலில் வளைவது அதுவே. அலுமினியச் சட்டத்தில் அது தனியாக இல்லாவிட்டால், ஒரு விழுதலில் சட்டமே பாழாகிவிடக்கூடும்.

இவையெல்லாவற்றையும்விட முக்கியமானது அளவு. நம் கடைகளில் ‘26 இஞ்ச்’, ‘27.5 இஞ்ச்’, ‘29 இஞ்ச்’ என்று சொல்லப்படுவது சக்கரத்தின் அளவே தவிரச் சட்டத்தின் அளவன்று. உயரமானவருக்கு 29, குட்டையானவருக்கு 26 என்று விற்றுவிடுவது வழக்கமாகிவிட்டபடியால், முழங்கால் வலியோடும் முதுகு வலியோடும் சைக்கிளை மூலையில் சாத்திவிட்டவர்கள் பலர். ஒரே சக்கர அளவிலேயே சிறிய, நடுத்தர, பெரிய சட்டங்கள் இருக்கின்றன. காலணியோடு சட்டத்தின் மேற்குழாயின் இரு பக்கமும் கால் ஊன்றி நின்றால், குழாய்க்கும் உடம்புக்கும் நடுவே குறைந்தது இரண்டு அங்குல இடைவெளி இருக்க வேண்டும். மண் பாதையில் திடீரென்று காலூன்ற நேரும்போது அந்த இடைவெளியே காப்பாற்றும். சீட்டில் அமர்ந்து குதிகாலைப் பெடலின் அடிநிலையில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் தேவையான அளவு மடங்கியிருக்கும். பொருந்தும் அளவில் இரும்புச் சட்டமும், பொருந்தாத அளவில் அலுமினியச் சட்டமும் கிடைக்குமானால், சற்றும் தயங்காமல் இரும்பை எடுங்கள்.

வாங்கும் இடத்தைப் பொறுத்தவரை பெங்களூர்வாசிகளுக்குக் குறையொன்றும் இல்லை. டெகாத்லான் இந்தியாவில் முதன்முதலாக 2009இல் கடை திறந்தது இந்நகரத்தின் சர்ஜாபூர் சாலையில்தான். சென்னை அம்பத்தூரில் 1949இல் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.யும், லூதியானாவின் ஹீரோவும், 2015 முதல் ஹீரோவின் குடும்பத்தைச் சேர்ந்துவிட்ட ஃபயர்ஃபாக்ஸும் சிறு ஊர்க் கடைகளிலும் கிடைக்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிள்களுக்கான ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருப்பதும் சாமானியருக்கு உதவி. எந்தப் பெயரானாலும், சைக்கிளைப் பூட்டித் தருபவர் அதைப் பழுதுபார்க்கவும் தெரிந்தவராக இருக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் வீட்டுக்கு வரவழைத்துத் தாமே பூட்டிக்கொள்கிறவர்கள், ஃபோர்க்கை முன்பின்னாக மாட்டிவிடுவதும், இடப்பக்கத்துப் பெடலின் மரை எதிர்த்திசையில் சுற்றக்கூடியது என்று அறியாமல் வலுக்கட்டாயமாக முறுக்கி மரையைக் கெடுத்துவிடுவதும் நேர்கின்றன. ஒரு மாதம் ஓட்டிய பின் புதிய கம்பிகள் தளர்ந்து சக்கரம் கோட்டமாகும். அந்தக் கோட்டத்தை எடுத்துத் தரும் கடைக்காரர், நூறு விளம்பரங்களைவிட மேலானவர்.

15,000 ரூபாயில் சைக்கிளுக்கு 12,500க்கு மேல் செலவிடாமல், மீதியைத் தலைக்கவசம், பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், முன்பின் விளக்குகள், பூட்டு ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். லாரிகள் நிறைந்த ஓசூர் சாலையைத் தொடாமல் ஹெப்பகோடியிலிருந்து பெரும்பாலான இடங்களுக்குப் போவது கடினமாகையால், தலைக்கவசமும் விளக்கும் ஆடம்பரச் செலவல்ல. பன்னர்கட்டா தேசியப் பூங்காவின் ஓரத்தில் செல்கிறவர்கள், காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம் என்பதையும், யானைகள் எல்லை பார்த்து நடமாடுவதில்லை என்பதையும் மறவாமல், விடிந்த பிறகே புறப்பட்டுக் கிராமப் பாதைகளோடு நின்றுவிட வேண்டும்.

அதே 15,000 ரூபாய்க்கு, புதிதாக வாங்குவதைக்காட்டிலும் இரண்டு படி உயர்ந்த சைக்கிள் கிடைக்கும் வழியும் உண்டு. அது பழைய சைக்கிளை ஆராய்ந்து வாங்குவது. கொரோனா ஊரடங்கின்போது நாடெங்கும் சைக்கிள் வாங்கும் மோகம் பெருகியது. அவ்வாறு வாங்கப்பட்டவற்றுள் நல்ல பிரேக்கும் கேசட்டும் உள்ளவை பல, அடுக்குமாடிகளின் கீழ்த்தளங்களில் தூசி படிந்து நிற்கின்றன. அவற்றைப் பார்க்கப் போகும்போது ஓர் அங்குல அளவுகோலை எடுத்துச் செல்லுங்கள். செயினின் ஒரு முளைக்கும் அடுத்த முளைக்கும் அரை அங்குலம். ஆகவே ஒரு முளையின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், 24 முளைகள் தள்ளி வரும் முளையின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் பற்சக்கரங்களும் தேய்ந்திருக்கும், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். சட்டத்தின் ஒட்டுகளில், குறிப்பாக முன்கழுத்தின் அடியில், மயிரிழை போன்ற வெடிப்புத் தென்பட்டால் எந்த விலைக்கும் வேண்டாம். டயரின் பக்கச் சுவர் வெடித்திருப்பது பெரிய குற்றமன்று.

சைக்கிளை வாங்கிவிட்டு ஓட்டாமல் வைத்திருக்கும் எலெக்ட்ரானிக் சிட்டி அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. நின்றுகொண்டேயிருக்கும் சைக்கிளின் டயர் வெடிக்கிறது, கிரீஸ் உறைகிறது, செயின் துருவேறுகிறது. இன்னும் இரண்டு மழைக்காலம் கழிந்தால் அது யாருக்கும் பிரயோஜனப்படாது. உங்கள் குடியிருப்பின் காவலரிடமோ, பக்கத்துத் தெருச் சைக்கிள் கடைக்காரரிடமோ இந்த வாரமே சொல்லிவைத்து, நியாயமான விலைக்கு அதை விற்றுவிடுங்கள். வாங்கி ஓட்டுவதற்கு இங்கே ஆட்கள் காத்திருக்கிறார்கள்.